வாயை மூடி ஒரு ஜெபம்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், அப்புறம் மீதியைச் சொல்ல மாட்டேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஏற்காட்டில் பனி இறங்கினாலே ஆளுக்கொரு பேய்க்கதை கிளம்பும். இத்தனை வருடம் இந்த மலையில் இருக்கிறேன், ஒரு நாள்கூட எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கியதில்லை, கயிறு கட்டியதில்லை. ஆண்டவரை நம்புகிறவளுக்கு இன்னொரு பயம் எதற்கு என்பதுதான் என் கட்சி, இன்றைக்கும் அதே கட்சிதான். ஆனால் நடந்தது நடந்துவிட்டது, அதை நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எழுபதுகளின் கடைசியில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தேவராஜ் அங்கே பல்பர் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார், பறித்து வருகிற பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியாகத் தள்ளுகிற மெஷின் அது. நான் பிள்ளைக் கொட்டாய் ஆயா. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைக் கிரஷ் என்பார், எங்கள் வாயில் அது பிள்ளைக் கொட்டாய். பழம் பறிக்க வருகிற பெண்கள் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம்வரை பால் காய்ச்சிக் கொடுத்து, தூங்க வைத்து, மூக்குத் துடைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். ஞானஸ்நானத்தில் எபனேசர் என்று பெயர், அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டவர் போதகர் ஒருவர்தான், எனக்கு அவன் சாமி. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் சாமிதான், கண்ணுதான், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் கடவுளை ஆண்டவர் என்போம், கர்த்தர் என்போம், சாமி என்றால் அது அவன் மட்டும்தான். சாப்பாட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ணும்போது இவன் ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பா வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், ஜெபம் முடிகிற மாதிரித் தெரிந்தால் போதும், எங்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு "ஆமே!" என்று ஒரு கத்து. கடைசி எழுத்து அவனுக்கு வராது. சர்ச்சிலும் அப்படித்தான், போதகர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட "ஆமே!" என்பான், முன் பெஞ்சில் இருப்பவர்கள் தோள் குலுங்கச் சிரிப்பார்கள்.

நான்கு வயதில் மூளைக் காய்ச்சல். சேலத்துக்கு ஜீப்பில் கொண்டு போனோம், ஜீப்பில் கொண்டு வந்தோம். அதற்குமேல் அதைச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

பிறகுதான் பிள்ளைக் கொட்டாய்க்கு ஆள் வேண்டும் என்றார்கள், நான் போய்க் கேட்டேன். வேலைக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒரே முணுமுணுப்பு, தன் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாதவள் கையில் நம் பிள்ளையையா கொடுப்பது, ராசியில்லாத கை என்று. என் காதுபடவே சொன்னார்கள். நான் ரைட்டர் முன்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, "இந்தக் கையில என்னங்க எழுதியிருக்குது? காய்ச்சல் வந்து செத்தான், கையில செத்தானா?" என்று கேட்டேன். அவருக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை, என்னைப் போட்டுவிட்டார்.

அதிலும் பழனியம்மாள் ஒரு நிபந்தனை வைத்தாள். பக்கத்து மலைக்கிராமத்துக்காரி, சொந்தத்தில் கொஞ்சம் சாமை, ராகி வெள்ளாமை உண்டு, பழம் பறிக்கிற காலத்தில் மட்டும் எஸ்டேட்டுக்கு வருவாள். அவளுடைய மகள் பொன்னிக்கு மூன்று வயது. இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்காமலே சொன்னாள்.

"ஏனுங்க ஆயாம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க. எம்புள்ளைக்கு உங்க ஜெபம் கிபமெல்லாம் சொல்லித் தர வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்க."

"உம்புள்ளை வாயில ஒரு வார்த்தை வராது. போதுமா?"

"நீங்க பண்ணுனா அது பாத்துக் கத்துக்குமுங்க."

"நான் பண்றதை நிறுத்த முடியாது பழனியம்மா. வாயை மூடிட்டுப் பண்ணிக்கறேன். என் ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் இருக்குது."

அதில் அவளுக்குத் திருப்தி. வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றினேன். பால் தம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து, கண்ணையும் வாயையும் மூடி, மனசுக்குள் ஜெபிப்பேன். ஒரு முனகல்கூட வெளியே வராது. ஒவ்வொரு நாளும் நான் ஜெபித்து முடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் பிள்ளைகள் கிளுக் என்று சிரிக்கும். உதட்டை இறுக்கி உட்கார்ந்திருக்கிற என் முகம் அதுகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சிரித்துவிட்டுப் போகட்டும், அழுகிற பிள்ளைகளைவிடச் சிரிக்கிற பிள்ளைகள் மேல்.

பால் குடித்ததும் பாய் விரிப்பேன். பாய்க்கட்டை அவிழ்த்தால் எல்லாவற்றையும் விரித்துவிடுவது என் வழக்கம். ஜன்னலோரம் கூரை ஒழுகும் என்பதால் அங்கே இருக்கிற கடைசிப் பாயில் நான் யாரையும் படுக்க வைப்பதில்லை. இந்தப் பொன்னி மட்டும் நான் அந்தப் பக்கம் திரும்பினால் உருண்டு உருண்டு அங்கே போய்விடுவாள். தூக்கிக்கொண்டு வந்து போட்டால் மறுபடியும் அங்கேயே போவாள்.

அன்றைக்கு மத்தியானம், பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பின்பக்கம் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், இறங்க ஆரம்பித்தால் பட்டப்பகலில் எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம் காணாமல் போய்விடும். துணியோடு உள்ளே வந்தால் முன்கதவு ஒரு ஆள் நுழைகிற அளவு திறந்திருக்கிறது, ஈரத்தில் ஊதிப்போய் அந்தத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. கடைசிப் பாயைப் பார்த்தேன். பொன்னி இல்லை.

மற்றப் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே சங்கிலி போட்டேன். வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், வேலை விடுகிற நேரத்துக்கு அதை அடிப்பார்கள், கம்பியை எடுத்து அதை விடாமல் அடித்தேன். நேரங்கெட்ட நேரத்தில் சத்தம் கேட்டால் பறிக்கிற பெண்கள் ஓடி வருவார்கள், ஆனால் அவர்கள் மேட்டுக் காட்டில் இருந்தார்கள், வர நேரமாகும். நான் கீழே பல்பர் ஹவுஸ் பக்கம் ஓடினேன். ஏன் அந்தப் பக்கம் என்றால், அங்கேதான் தோல் குழி இருந்தது. உரித்த காபித் தோலையும் கழிவுத் தண்ணீரையும் கொட்டுகிற பள்ளம், மேலே ஏடு காய்ந்து மண் தரை மாதிரியே இருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை பெரிய கன்றுக்குட்டியே அதில் போயிருக்கிறது.

"பொன்னி! கண்ணு! சாமி!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். நம்பினால் நம்புங்கள், என் குரல் என் முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது போல இருந்தது. கொஞ்ச தூரத்தில் என் கால் எனக்கே தெரியவில்லை. குழி வலது பக்கமா இடது பக்கமா, தாண்டி வந்துவிட்டேனா, இன்னும் ஓர் அடியில் இருக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. கையில் தட்டுப்பட்ட ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பழனியம்மாள் காலையில் பிள்ளையை இறக்கிவிட்டபோது மகளின் பாவாடையை ஒரு தடவை கீழே இழுத்துவிட்டுப் போனாள், அது ஞாபகம் வந்தது. பிள்ளை போவது எப்படி இருக்கும் என்று அந்த எஸ்டேட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

அங்கேயே ஜெபித்தேன். சுற்றி யாரும் இல்லை, வாயைத் திறந்து கதறியிருக்கலாம், ஆனால் பழக்கம், வாய் மூடித்தான் இருந்தது. பெரிய பக்தியான ஜெபம் என்று நினைக்காதீர்கள். உமக்கு ஒன்றைக் கொடுத்தேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுத்த ஞாயிறே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன், இந்தப் பிள்ளை என்னுடையதல்ல, இதையும் எடுத்துக்கொண்டால் இனி உம்மிடம் பேச மாட்டேன் என்றேன். இப்படித்தான் சொன்னேன். போதகரிடமும் இதை மறைக்கவில்லை.

ஆமென் என்று மனசுக்குள் நினைப்பதற்கு முன்னால், கீழே பனிக்குள்ளிருந்து கேட்டது.

"ஆமே!"

நான் ஏதோ கேட்டது போலிருந்தது என்று சொல்லவில்லை. கேட்டது. அந்த முந்திக்கொள்கிற அவசரம், அந்தக் கடைசி எழுத்து இல்லாத கத்தல். பெற்றவளுக்குத் தெரியாதா? மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே பார்க்கிறேன், பனிக்குள்ளிருந்து பொன்னி மேட்டில் ஏறி வருகிறாள். ஓடவில்லை, அழவில்லை, தெரிந்த வழியில் வருவது மாதிரி நிதானமாக வருகிறாள். இடுப்புவரைக்கும் தோல் குழிச் சேறு, அந்தப் புளித்த வாடை. குழிக்குள் இறங்கியவள்தான், சந்தேகமே இல்லை. இடுப்புவரை இறங்கிய மூன்று வயதுப் பிள்ளை அதிலிருந்து எப்படி ஏறியது என்று நீங்களே யோசியுங்கள், எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கொட்டாய்க்கு வந்தபோது பெண்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தார்கள். பழனியம்மாள் மகளைப் பிடுங்கி, அடித்து, அணைத்து, மறுபடி அடித்து, அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"யாரு கண்ணு உன்னைக் கூட்டியாந்தது?"

"சாமி கூட்டியாந்துச்சு."

அவ்வளவுதான், அங்கே நின்ற பெண்கள் எல்லாம் சேர்வராயன் சாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? நம் பேச்சு அப்படி. கோயிலில் இருப்பதும் சாமி, மடியில் கிடப்பதும் சாமி. சாமி வந்தாலும் வந்துச்சுதான், சின்னப் பிள்ளை வந்தாலும் வந்துச்சுதான். நான் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அந்த வாரமே பழனியம்மாள் அந்தக் கோயிலில் பொங்கல் வைத்து ஒரு சட்டியில் எனக்கும் கொண்டுவந்தாள். "படைச்சதை நான் திங்கறதில்லைன்னு உனக்குத் தெரியுமில்ல? பிள்ளைங்களுக்குப் போடறேன், வச்சுட்டுப் போ" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க நொம்பப் பிடிவாதமுங்க ஆயாம்மா. இனிமே வாயைத் திறந்தே ஜெபம் பண்ணிக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், உன் வீட்டுக்காரர் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றேன். அவர் வரவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இதைப் போதகரிடம் சொல்லிவிட்டார். போதகர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், என் பிள்ளையை அடக்கம் பண்ணியவர். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த "ஆமே"யையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

"ஆனா எஸ்தரம்மா, அந்தக் குரல் விஷயத்தை விட்டுடுங்க. கர்த்தர் பிள்ளையைக் காப்பாத்துனாரு, அது போதும்."

"பாதியை விட்டுட்டுச் சொன்னா அது சாட்சிங்களா ஐயா?"

"செத்தவங்க திரும்பி வர்றதில்லைம்மா. பிள்ளை குரல்ல வேற ஒண்ணு பேசும். பிசாசுக்கு எல்லாக் குரலும் தெரியும்."

அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கிவிட்டேன். அதில் பாதி டீ இருந்தது.

"ஏனுங்க ஐயா, பிசாசு எதுக்குங்க அடுத்த ஊட்டுப் பிள்ளையைக் குழியில இருந்து தூக்கி மேட்டுக்குக் கூட்டியாருது? அதுக்கு வேற சோலி இல்லீங்களா? வந்தது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எம்புள்ளையைப் பிசாசுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், போதகர் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவன் மாதிரியே சொல்லிக் காட்டினேன். எழுந்து வெளியே போனவர் சாப்பிட வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அடுப்படியிலேயே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. சபை முழுக்க என் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. எழுந்தேன். "பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு ஞாயிறுப் பள்ளியில சொல்லிக் கொடுத்தாங்க. முழுசும் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை, அதனால ஒண்ணுமே சொல்லலைங்க. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் இவள் வரமாட்டாள் என்று பேசிக்கொண்டார்களாம். ஏன் வராமல்? அவர் என் ஆண்டவர், அது என் பெஞ்சு. ஒரு ஞாயிறு விட்டதில்லை.

அதற்கப்புறம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பொன்னி மட்டும் வீட்டில் எதற்கெடுத்தாலும் "ஆமே" என்கிறாள் என்று பழனியம்மாள் ஒருநாள் சொன்னாள், அந்தப் பனிக்குள் அவளும் அதைக் கேட்டிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் ஏற்காடு ஒண்டிக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பார்த்து வந்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காலையில் பொன்னி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். மாப்பிள்ளை கிளியூர். அடையாளமே தெரியவில்லை, அவள் அம்மா ஜாடை மட்டும் இருந்தது. காபியும் முறுக்கும் வைத்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் வழக்கம்போல வாயை மூடி ஜெபித்தேன், கொட்டாயில் பழகிய பழக்கம், அப்புறம் மாறவேயில்லை. கண்ணைத் திறந்தால் அவள் முறுக்கை எடுக்காமல் எதற்கோ காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"எடுத்துக்க கண்ணு, முடிஞ்சுது."

"இப்பெல்லாம் கடைசியில ஆமே சொல்ல ஆளு இல்லீங்களா ஆயா?"

"அப்ப மட்டும் யாரு சொன்னாங்க?"

"அந்தப் பையன்தானுங்க." நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவள் எனக்கு எடுத்துச் சொன்னாள். "கடைசிப் பாயில படுத்துட்டிருக்குமே, அது. நீங்க கண்ணை மூடிட்டுப் பால்கிட்ட உக்காந்திருப்பீங்க, அது உங்க வாயையே பாத்துட்டு இருக்கும். திடீர்னு ஆமேன்னு கத்தும். எங்களுக்கெல்லாம் சிரிப்பா வருமுங்க. அது பேரு என்னங்க ஆயா? சாமின்னுதான் எங்களுக்குத் தெரியும்."

காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எத்தனை நாள், எத்தனை தம்ளர் பால், என் பக்கத்திலேயே. எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். எபனேசர் என்று பெயரைச் சொன்னேன். "நல்ல பேருங்க, வாயில நுழையல" என்று சிரித்துவிட்டு, முறுக்கைத் தின்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

போதகர் மாறிவிட்டார், இப்போது இருப்பவர் சின்னப் பையன். அவரிடமும் சொன்னேன், அவரும் அதே பழைய வார்த்தையைச் சொன்னார், நானும் அதே பதிலைச் சொன்னேன். யார் என்ன சொன்னாலும் நான் ஒன்று செய்கிறேன். வாயை மூடி ஜெபித்து முடித்ததும் ஆமென் மட்டும் சொல்வதில்லை, அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்பேன். எனக்கு எதுவும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரரும் ஏன் என்று கேட்காமல் என்னோடு சேர்ந்து காத்திருப்பார், சோறு ஆறிவிடும்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு மாவு அரைக்கப் போனாள். இன்னும் பேச்சு வராத குழந்தை, என் மடியில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபித்து முடித்தேன், பொறுத்திருந்தேன். குழந்தை கிளுக் என்று சிரித்தது. அது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.